சுவரளவுப் படம்: கைப்பேசிப் புகைப்படத்தைப் பெருப்பிப்பதற்கு முன்

கொழும்பில் படம் அச்சிடும் கடைக்குள் நுழைந்தால் முதலில் வரும் கேள்வி “என்ன சைஸ்?” என்பதுதான். அதற்கு முன்பே கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: “இந்தப் படம் உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது?” அம்மாவின் அறுபதாம் பிறந்தநாளுக்கு இரண்டடிக் கன்வஸ் கொடுக்க நினைக்கும் மகளும், அக்கா அத்தானின் திருமண நாளுக்குப் போஸ்டர் அடிக்க நினைக்கும் தம்பியும் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: வட்ஸ்அப்பில் வந்தது. சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. மென்பொருள், தாள், பிரேம் எல்லாம் பிறகு வருபவை. பெரிய படம் நன்றாக இருக்குமா என்பதை இரண்டு விடயங்கள் தீர்மானிக்கின்றன: எந்தப் பிரதியிலிருந்து தொடங்குகிறீர்கள், பார்ப்பவர் எவ்வளவு தொலைவில் நிற்கப் போகிறார்.

மூலப் பிரதியைத் தேடுங்கள்

டிஜிட்டல் படம் என்பது வரிசை வரிசையாக அடுக்கிய நிறச் சதுரங்கள். ஒரு சதுரத்துக்கு ஒரு நிறம். அதற்குள் வேறு எந்த விவரமும் இல்லை. இந்தச் சதுரம்தான் பிக்சல். 12 மெகாபிக்சல் கைப்பேசி எடுக்கும் படத்தில் வழக்கமாக நீளப் பக்கத்தில் 4032, குறுகிய பக்கத்தில் 3024 பிக்சல்கள் இருக்கும். பெருக்கினால் ஏறத்தாழ 1 கோடியே 22 இலட்சம். 48, 108 மெகாபிக்சல் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் கைப்பேசிகளிலும் பல, நீங்கள் அமைப்பை மாற்றாவிட்டால், அண்டைப் பிக்சல்களைச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தையே சேமிக்கின்றன. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. சுவருக்கு 12 போதும்.

படத்துக்கு அங்குலக் கணக்கு கிடையாது. அங்குலம் பிறப்பது அச்சில்தான். 4032 பிக்சல்களை 24 அங்குல நீளத்தில் பரப்பினால் ஓர் அங்குலத்துக்கு 168 பிக்சல்கள் விழும். அதே படத்தை 12 அங்குலத்தில் அடக்கினால் 336. சில படங்களின் விவரங்களில் ‘72 டிபிஐ’, அதாவது அங்குலத்துக்கு 72 புள்ளி, என்று இருப்பதைப் பார்த்து, இது அச்சுக்கு உதவாது என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அது கோப்பில் ஒட்டிய ஒரு சீட்டு மட்டுமே. அந்த எண்ணை 300 என்று மாற்றினாலும் ஒரு பிக்சல்கூடக் கூடாது, குறையாது. அச்சுப்பொறிப் பெட்டியில் 1440, 2880 என்று காணும் எண்களும் வேறு கதை. அவை மைத்துளிகளின் கணக்கு.

இப்போது வட்ஸ்அப்புக்கு வருவோம். சாதாரணத் தரத்தில் அனுப்பும்போது அது படத்தின் நீளப் பக்கத்தை ஏறத்தாழ 1600 பிக்சலுக்குச் சுருக்கிவிடுகிறது. 24 அங்குலத்துக்கு அதைப் பரப்பினால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 67 பிக்சல்தான் கிடைக்கும். சுருக்குவதோடு நிற்பதில்லை. ஜேபெக் கோப்பு முறை படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண் தவறவிடும் என்று நினைக்கும் விவரங்களைக் கழித்துச் சேமிக்கிறது. கழிவு அதிகமானால் கட்டங்களின் எல்லை வெளியே தெரியும். காலிமுகத்திடலில் மாலை வானத்தைப் பின்னணியாக வைத்து எடுத்த படத்தில் இதை உடனே காணலாம்: மஞ்சளிலிருந்து ஊதாவுக்கு வழுக்கிச் செல்ல வேண்டிய வானம் படிக்கட்டாகி நிற்கும், தலைமுடியின் ஓரத்தில் கொசுக்கூட்டம்போல அழுக்குப் புள்ளிகள் சேரும். கைப்பேசித் திரையில் இவை தெரியாது. பெருப்பித்தால் படத்தோடு சேர்ந்து அவையும் பெருக்கும்.

ஆகவே படத்தை எடுத்தவரிடமே கேளுங்கள். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் சித்தப்பாவின் கைப்பேசியில் மூலப் பிரதி பெரும்பாலும் அப்படியே இருக்கும். வட்ஸ்அப்பிலேயே அனுப்பச் சொல்லலாம். ஆனால் படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்ப வேண்டும். அப்போது கோப்பு ஒரு பிக்சலும் குறையாமல் வந்து சேரும். எச்டி தரத்தில் அனுப்பினால் சாதாரணத்தைவிட நன்றாக இருக்கும், என்றாலும் அதுவும் மூலம் அல்ல. மின்னஞ்சல் இணைப்பு, கூகுள் டிரைவ் இரண்டும் நம்பத்தக்கவை. கூகுள் போட்டோஸில் இடத்தைச் சேமிக்கும் தரத்தைத் தெரிவு செய்திருந்தால் எல்லாப் படங்களும் சுருக்கியே சேமிக்கப்படும், 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்டவற்றின் அளவும் குறைக்கப்படும், ஆகவே அங்கிருந்து எடுப்பதும் மூலம் அல்ல. முகநூலில் இருந்து இறக்கிய படம் நீளப் பக்கத்தில் 2048 பிக்சலைத் தாண்டாது. திரையைப் பிடித்தெடுத்த படத்தைக் கொண்டு எதுவும் செய்ய வேண்டாம்.

பார்க்கும் வழி எளிது. கைப்பேசியில் படத்தைத் திறந்து மேல்நோக்கித் தள்ளினால் அல்லது விவரங்கள் பொத்தானை அழுத்தினால் பிக்சல் அளவு வரும். அங்கே 4032 × 3024 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. 1600க்கு அருகில் ஏதாவது நின்றால் சித்தப்பாவுக்கு இன்னொரு தடவை தொல்லை கொடுக்கத்தான் வேண்டும்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் ஏமாற்றும் படங்கள் உண்டு. விரல்களால் விரித்து நெருக்கி எடுத்த படத்தில் 4032 பிக்சல் இருக்கும், ஆனால் அது கைப்பேசி தானே ஒருமுறை பெருப்பித்துக் கொடுத்த படம். மங்கிய வெளிச்சத்தில் கை ஆடியது, முகத்தை மெழுகும் அழகு வடிகட்டி, பின்னணியை மங்கலாக்கும்போது காதோரத்து முடியை வெட்டி எறிந்த வேலைப்பாடு ஆகியவற்றுக்கும் பிக்சல் கணக்குக்கும் தொடர்பில்லை. படத்தை முழு அளவில் திறந்து கண்ணிமை மயிர்களைத் தேடுங்கள். ஒன்றிரண்டாவது தனித்தனியாகத் தெரிந்தால் நல்ல படம்.

300 என்ற எண்ணின் கதை

அச்சு என்றாலே அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும் என்று எங்கும் சொல்லப்படுகிறது. இதைக் கேட்டுவிட்டுப் பலர் 12 மெகாபிக்சல் படத்தை 13 அங்குலத்துக்கு மேல் போடவே கூடாது என்று நினைக்கிறார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பயம் போய்விடும்.

நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு கோணத்துக்குக் குறைந்த இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்தறியாது. இதை அங்குலக் கணக்குக்கு மாற்ற ஒரு சுருக்கு வழி உண்டு: 3438 என்ற எண்ணைப் பார்க்கும் தொலைவால், அதாவது அங்குலத்தால், வகுத்தால் போதும். கையில் வைத்துப் பார்க்கும் ஆல்பம் கண்ணிலிருந்து 12 அங்குலம். வகுத்தால் 286 வரும். 300 என்ற விதி இதைத்தான் சொல்கிறது. அது கைக்குள் அடங்கும் அச்சுக்கான விதி. சோபாவுக்கு மேலே மாட்டிய படத்தை 4 அடி தூரத்தில் நின்று பார்த்தால் 72 பிக்சல் போதும். 6 அடியில் 48. கொள்ளுப்பிட்டிச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தலைக்கு மேலே தெரியும் பெரிய விளம்பரப் பலகைகள் அங்குலத்துக்குச் சில பத்துப் பிக்சல்களோடுதான் அச்சாகின்றன. வீதியில் நிற்கிற யாருக்கும் குறை தெரிவதில்லை.

வீட்டுச் சுவர் வீதியல்ல. விருந்தாளி எழுந்து கிட்டப் போய்ப் பார்ப்பார். ஆகவே கண் கேட்கும் அளவைவிடச் சற்றுக் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது. தாளில் அச்சிடும் போஸ்டருக்கு அங்குலத்துக்கு 150 பிக்சல், கன்வஸுக்கு 100 முதல் 120 வரை என்பது என் கணக்கு. கன்வஸுக்கு ஏன் குறைவு? துணியின் நெசவே நுண்ணிய விவரங்களை விழுங்கிவிடுகிறது. பளபளப்பான தாளில் குற்றமாகத் தெரியும் மென்மை அங்கே ஓவியத்தன்மையாகத் தெரியும். நடுத்தரமான படத்தை வைத்துக்கொண்டு தாளா கன்வஸா என்று யோசிக்கிறவர்கள் தயங்காமல் கன்வஸுக்குப் போகலாம்.

ஒரு விதிவிலக்கு முக்கியமானது. ஒற்றை முகத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பார்கள். கூட்டப் படத்தை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. “இது யார், பெரியப்பாவின் மகளா? பக்கத்தில் நிற்பது?” என்று விரலை வைத்துத் தேடுவார்கள். மூக்குக்கும் படத்துக்கும் இடையில் ஒரு சாண்கூட இருக்காது. திருமண மண்டப மேடையில் முன்வரிசையில் 12 பேர் நிற்கிறார்கள் என்று வையுங்கள். 4032 பிக்சலில் ஒருவருக்கு 336 பங்கு. அதில் முகத்தின் அகலம் ஏறத்தாழ 110, கண் ஒன்றுக்கு 20க்குச் சற்று மேல். 24 அங்குல அச்சில் முகம் முக்கால் அங்குலத்துக்கும் குறைவாக இருக்கும், ஆனால் ஆள் தெரியும். அதே படத்தின் வட்ஸ்அப் பிரதியில் முகத்துக்கு 45 பிக்சல், கண்ணுக்கு 9. ஒன்பது சதுரங்களில் யாருடைய பார்வையையும் வரைய முடியாது. கூட்டப் படத்தைப் பரிசாகக் கொடுக்க நினைத்தால் அங்குலத்துக்கு 200 பிக்சலைக் குறிவையுங்கள். கிடைக்காவிட்டால் அளவைக் குறையுங்கள்.

மென்பொருள் செய்வது என்ன

“தம்பி, இந்தப் படத்தை மூன்றடிக்குப் பெருப்பித்துத் தாருங்கள்.” “அன்ரி, படம் சின்னது, உடைந்துவிடும்.” இந்த உரையாடலில் உடைவது என்று சொல்லப்படுவது சதுரங்கள் வெளியே தெரிவதைத்தான். அதை மறைப்பதற்காகவே பெருப்பிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன.

பழைய முறைகளின் அடிப்படை ஒன்றுதான். ஒரு புருவத்தின் ஓரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முடியின் கடைசிப் பிக்சலின் ஒளி அளவு 40, அதை அடுத்த தோலின் பிக்சல் 180. படத்தை இரட்டிப்பாக்கும்போது இவற்றுக்கு நடுவே புதிதாக ஒரு பிக்சலை இட வேண்டும். மிக எளிய முறை பக்கத்து எண்ணைப் பிரதி செய்யும், படிக்கட்டு வரும். அடுத்தது இரண்டுக்கும் நடுவில் 110 என்று போடும். படிக்கட்டு போய் மங்கல் வரும். பைகியூபிக் என்ற முறை சுற்றியுள்ள 16 பிக்சல்களைப் பார்த்து வளைவாகக் கணக்கிடும். ஹங்கேரியில் பிறந்த கணிதவியலாளர் கொர்னேலியஸ் லான்சோஸின் பெயரில் வழங்கும் முறை இன்னும் அகலமாகப் பார்க்கும். ஓரங்கள் சற்றுக் கூர்மையாக வரும். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப், இர்ஃபான்வியூ போன்றவற்றிலேயே இத்தகைய முறைகள் இருக்கின்றன. படத்தைப் பத்துப் பத்து வீதமாகப் படிப்படியாகப் பெருப்பிக்க வேண்டும் என்ற பழைய அறிவுரையை மறந்துவிடலாம். ஒரே தடவையில் செய்தால் போதும்.

இவற்றில் எதுவும் புதிய விவரத்தைக் கொண்டுவருவதில்லை. இரட்டிப்புவரை கண்ணியமாக வேலை செய்யும், அதற்கு மேல் மென்மை கூடிக்கொண்டே போகும். பெருப்பித்து முடித்த பிறகுதான் ஓரங்களைக் கூராக்க வேண்டும். முன்னரே கூராக்கினால் அந்தக் கூரும் சேர்ந்து பெருத்து, தோளைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடும்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் கதை மாறியது. இவ்வகை மென்பொருள்களுக்கு இலட்சக்கணக்கான படங்களின் சிறிய, பெரிய வடிவங்களைக் காட்டிப் பழக்கியிருக்கிறார்கள். மங்கிய ஓரத்தைக் கண்டால், இப்படிப்பட்ட இடத்தில் வழக்கமாக என்ன இருக்கும் என்று ஊகித்து வரைந்துவிடும். 2021 மார்ச்சில் அடோபி நிறுவனம் கமரா ரோ என்ற தன் படத்திருத்த மென்பொருளில் சேர்த்த வசதி நீளத்தையும் அகலத்தையும் இரட்டிப்பாக்கி, பிக்சல்களை நான்கு மடங்காக்குகிறது. டோபாஸ் கிகாபிக்சல் பணம் கொடுத்து வாங்குவது, அப்ஸ்கெயில் இலவசம். புல்வெளி, அலை, செங்கல் சுவர், பட்டுத் துணியின் பொதுவான தோற்றம் இவற்றுக்கெல்லாம் இந்த ஊகம் அருமையாகப் பொருந்தும். கடற்கரைப் படத்தை நான்கு மடங்கு பெருப்பித்தாலும் எந்த நுரை உண்மை, எது கற்பனை என்று யாரும் கேட்கப் போவதில்லை.

முகம் அப்படியல்ல. 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘பல்ஸ்’ என்ற முறையை வெளியிட்டார்கள். சில பிக்சல்களே உள்ள முகத்தைக் கொடுத்தால் தெளிவான முகமாக்கித் தரும். பராக் ஒபாமாவின் மங்கிய சிறு படத்தை அதற்குக் கொடுத்தபோது வெளியே வந்தது வெள்ளையர் ஒருவரின் முகம். இன்றைய மென்பொருள்கள் அதைவிட நிதானமானவை, ஆனால் குணம் அதுதான்: பழகிய முகங்களை நோக்கி இழுக்கும். அப்பம்மாவின் மூக்குத்தியை அழுக்கென்று நினைத்துத் துடைக்கும். கன்னத்து மறுவைக் கரைக்கும். தேய்ந்த பல்வரிசையை விளம்பரப் பல்வரிசையாக்கும். படம் தெளிவாக இருக்கும். பார்க்கிற பிள்ளைகளுக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றும், எதுவென்று சொல்ல வராது. காலமானவரின் படத்துக்கு இந்த வித்தையை நான் பரிந்துரைக்க மாட்டேன். மங்கலான அம்மம்மா, தெளிவான அந்நியரைவிட மேல்.

எழுத்துகளும் சிற்பங்களும் அடுத்த பொறி. பின்னணியில் மண்டபத்தின் பெயர்ப்பலகையோ ஆடிவேல் தேரின் பதாகையோ இருந்தால் பெருப்பித்தபின் அதை வாசித்துப் பாருங்கள். ‘நல்வரவு’ இருந்த இடத்தில் தமிழும் சிங்களமும் அல்லாத வளைகோடுகள் நிற்கக்கூடும். கோபுரத்துப் பொம்மைகளுக்குக் கைகள் கூடும், குறையும். சரிகைக் கரையின் மாங்காய்கள் உருகி ஓடும். செய்ய வேண்டியது இதுதான்: முகம், கை விரல்கள், எழுத்து ஆகிய மூன்று இடங்களையும் மூலப் படத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். முக அழகூட்டல் என்ற தெரிவு இருந்தால் அணைத்துவிடுங்கள்.

ஆல்பத்திலிருந்து வரும் படங்கள்

பரிசாகப் பெருப்பிக்கக் கேட்கப்படும் படங்களில் கணிசமானவை கைப்பேசி பிறப்பதற்கு முந்தியவை. பெற்றோரின் திருமணப் படம், தாத்தா கடை வாசலில் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம். 1983 ஆடிக் கலவரத்தில் வீட்டோடு ஆல்பமும் எரிந்துபோன கொழும்புக் குடும்பங்களில், உறவினர் யாரோ வைத்திருந்த ஒரேயொரு சிறு படம்தான் மிஞ்சியிருக்கும். அதைப் பெருப்பிப்பது சாதாரண வேலையல்ல, ஆகவே பொறுமையாகச் செய்ய வேண்டும்.

கைப்பேசியால் படத்தைப் படமெடுப்பதைவிட ஸ்கேன் செய்வது எப்போதும் மேல். 4 × 6 அங்குலப் பிரதியை அங்குலத்துக்கு 600 என்ற அளவில் ஸ்கேன் செய்தால் 2400 × 3600 பிக்சல் கிடைக்கும். 16 × 24 அங்குலத்துக்குப் பெருப்பித்தால் அங்குலத்துக்கு 150. கன்வஸுக்குத் தாராளம். 600க்கு மேல் போனால் பெரும்பாலும் தாளின் நரம்புகள்தான் கூடுதலாகத் தெரியும். எண்பதுகளில் விரும்பப்பட்ட பட்டுத்தாள் அச்சில் சிறு குழிகள் ஒளியைச் சிதறடிக்கும். அத்தகைய படத்தை ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகவும் ஸ்கேன் செய்து, இரண்டையும் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அரைப்பங்கு கலந்தால் குழிகள் கணிசமாக அடங்கும்.

நெகட்டிவ் கிடைத்தால் அதுவே மூலப் பிரதி. பிஸ்கட் டின்களிலும் அலுமாரிக்கு மேலேயும் தேடிப் பாருங்கள். 35 மில்லிமீற்றர் படச்சுருளின் ஒரு சட்டம் 36 × 24 மில்லிமீற்றர்தான்; 2400இல் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 3400 × 2270 பிக்சல். பழைய அச்சில் நிழலுக்குள் அமிழ்ந்துபோன விவரங்கள் நெகட்டிவில் உயிரோடிருக்கும்.

கொழும்பின் ஈரக்காற்றில் கண்ணாடியோடு ஒட்டிப்போன படங்கள் பல வீடுகளில் இருக்கும். பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் வையுங்கள். முகத்தின் தோல் கண்ணாடியில் நிற்க, வெறுந்தாள் கையில் வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

கடவுச்சீட்டுப் படம் மட்டும் இருந்தால்? அது 35 × 45 மில்லிமீற்றர். 1200இல் ஸ்கேன் செய்து 1650 × 2100 பிக்சல் எடுக்கலாம், ஆனால் அச்சில் இல்லாத விவரம் ஸ்கேனில் வராது. 20 அங்குல உயரத்துக்குக் கொண்டுபோவது 11 மடங்குப் பெருக்கம். தாளின் ஒவ்வொரு கீறலும் 11 மடங்காகும். அதை 8 × 10 அங்குலத்தில் அச்சிட்டு, சுற்றிலும் அகலமான வெள்ளை அட்டை வைத்து 16 × 20 பிரேமில் போடுங்கள். சுவரில் பெரிய பொருளாகவே நிற்கும், முகமும் முகமாக இருக்கும்.

ஓரத்தில் வெட்டுப்படும் தலைகள்

கைப்பேசிப் படத்தின் பக்கங்கள் 4க்கு 3. கடைகளில் பழக்கமான 12 × 18, 16 × 24, 20 × 30 அளவுகள் 3க்கு 2. 16 × 20 என்பது 5க்கு 4. ஏ3, ஏ2 தாள்களின் விகிதம் 1.41. 4032 × 3024 படத்தை 3க்கு 2 ஆக்கினால் உயரம் 2688க்கு இறங்கும். ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும். மேலே மணவறையின் உச்சியும் கீழே மணமக்களின் பாதங்களும் இருக்கும் படத்தில் எதைப் பலி கொடுப்பது என்பதைக் கடைக்காரரின் கையில் விடாமல் நீங்களே வெட்டிக் கொடுங்கள். வெட்ட மனமில்லாவிட்டால் 18 × 24 கேளுங்கள். அது 4க்கு 3 ஆகவே இருப்பதால் கைப்பேசிப் படம் அப்படியே உட்காரும்.

கன்வஸில் இன்னொரு பங்கும் போகும். துணியை மரச்சட்டத்தின் பக்கவாட்டில் மடித்துப் பின்னால் அறைவார்கள். சட்டம் ஒன்றரை அங்குலத் தடிப்பு என்றால் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 2 அங்குலம் கூடுதலாக வேண்டும். 24 × 18 கன்வஸுக்கு 28 × 22 அங்குலத் துணி. படத்தையே மடிக்க விட்டால் ஓரத்தில் நிற்கும் மாமியின் பாதி முகம் பக்கவாட்டுக்குப் போய்விடும். ஓரத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி மடிப்புக்கு விடச் சொல்லலாம், அல்லது பக்கங்களுக்குக் கறுப்போ வெள்ளையோ போதும் என்று சொல்லலாம். ஓரம்வரை ஆட்கள் நிற்கும் படத்துக்கு இரண்டாவதுதான் நல்லது. பாதித் தலை திரும்பித் தெரிவது விகாரமாக இருக்கும்.

கடைக்குக் கொடுக்கும் முன்

திரை தானே ஒளிர்கிறது, அச்சு அறையின் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. முழு வெளிச்சத்தில் வைத்த கைப்பேசியில் அழகாகத் தெரிந்த படம் அச்சில் இருண்டு வருவது இதனால்தான். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இது கூடுதலாக உறைக்கும்: நெற்றியும் கழுத்தும் ஒரே நிழலாகிவிடும். திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் முகம் தெளிவாகத் தெரியும்வரை நிழல் பகுதிகளை உயர்த்துங்கள். ஆனால் தோலை வெளுக்க வைக்காதீர்கள். அந்தப் பழக்கம் ஸ்டூடியோக்களில் போதுமான அளவு இருக்கிறது. கூறைச்சேலையின் அடர்சிவப்பும் மயில்கழுத்துப் பச்சையும் திரையில் மின்னும் அளவுக்கு மையில் வருவதில்லை, அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அச்சுக்காரர் கேட்காதவரை நிறமுறையை மாற்ற வேண்டாம். எஸ்ஆர்ஜிபி எனப்படும், திரைகளுக்கான பொதுவான நிறவெளியில் உள்ள ஜேபெக் கோப்பை உயர்ந்த தரத்தில் சேமித்துக் கொடுத்தால் போதும். கொடுக்கும்போது பென் டிரைவில் கொடுங்கள். “வட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள்” என்று கடையில் சொன்னால், ஆவணமாக அனுப்புங்கள். இவ்வளவு தூரம் காப்பாற்றிய பிக்சல்களைக் கடை வாசலில் தொலைக்க வேண்டியதில்லை.

பெரிய அச்சுக்குப் பணம் கட்டும் முன் செய்யக்கூடிய மலிவான பரிசோதனை ஒன்றுண்டு. 24 × 18 அங்குலத்துக்கு நினைத்திருக்கும் படத்தில், அங்குலத்துக்கு 168 பிக்சல் என்ற கணக்கில், முகமுள்ள இடத்திலிருந்து 1008 × 672 பிக்சல் துண்டொன்றை வெட்டி எடுங்கள். அதைச் சாதாரண 6 × 4 அங்குலப் படமாக எந்த ஸ்டூடியோவிலும் அச்சிடுங்கள். பெரிய படத்தில் அந்த இடம் வரப்போகும் அதே அளவு, அதே கூர்மை. பரிசு மாட்டப்போகும் உயரத்தில் சுவரில் ஒட்டி, நாலடி தள்ளி நின்று பாருங்கள். பிறகு கிட்டப் போய்ப் பாருங்கள். திருப்தியென்றால் அடிக்கலாம். பெருப்பித்த பிரதி, பெருப்பிக்காத பிரதி இரண்டிலும் ஒவ்வொரு துண்டு எடுத்தால், மென்பொருளுக்குச் செலவழிக்க வேண்டுமா என்பதற்கும் விடை கிடைத்துவிடும். பல நேரங்களில் வித்தியாசம் தெரியாது.

கடைசியாக, எங்கே மாட்டப் போகிறார்கள் என்று விசாரியுங்கள். வெள்ளவத்தையில் கடல் பக்கம் பார்த்த மாடிவீட்டில் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து கன்வஸைத் தளர வைக்கும். மரச்சட்டத்தின் மூலைகளில் ஆப்பு வைத்த கன்வஸானால் தட்டி இறுக்கிக்கொள்ளலாம். சுவரை ஒட்டி மாட்டாமல் பின்னால் சிறு தக்கைகள் வைத்துக் காற்றோட இடம் விட்டால் பூஞ்சணம் குறையும். தாள் அச்சைக் கண்ணாடிக்குள் போடுவதானால் இடையில் அட்டை வேண்டும், இல்லாவிட்டால் சில வருடங்களில் அதுவும் ஒட்டிக்கொள்ளும். சாமியறைப் பக்கம் மாட்டும் படத்துக்குச் சாம்பிராணிப் புகை உண்டு. மேலே வார்னிஷ் பூசிய கன்வஸைத் துடைக்கலாம், வெறும் கன்வஸைத் துடைக்க முடியாது. வெயில் நேராக விழும் சுவரென்றால் பிக்மென்ட் மையில், அதாவது நுண்ணிய நிறத்துகள்கள் கலந்த மையில், அடிக்கச் சொல்லுங்கள். சாய மை சீக்கிரம் வெளுத்துவிடும்.

யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ்ஸில் போகிற பரிசுக்குக் கண்ணாடிப் பிரேமைவிடக் கன்வஸ் பத்திரமானது. கனடாவுக்குப் போவதென்றால் மரச்சட்டமே வேண்டாம். அச்சுப் பக்கம் வெளியே இருக்கும்படி, உள்ளே மெல்லிய தாள் வைத்து, தடித்த அட்டைக் குழாயில் தளர்வாகச் சுருட்டி அனுப்புங்கள். உட்பக்கமாகச் சுருட்டினால் மைப்படலத்தில் மடிப்புக் கோடு விழும். நாலு பக்கமும் மடிப்புக்கான 2 அங்குலத்தை வெட்டாமல் விடச் சொல்ல மறக்காதீர்கள், அங்கே சட்டம் அடிப்பவருக்குப் பிடிக்கத் துணி வேண்டும்.